அடி வாங்கியவன் எங்கே போகிறான்?

தமிழ் சினிமாவில் ஃப்ளாஷ்பேக் ஆரம்பித்து, ஒரு சின்னப் பையனை யாரோ போட்டு அடிக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? அதுவரை நடந்த அத்தனை கொலைகளுக்கும் கணக்கு டேலி ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நான் சும்மா சொல்லவில்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள். 1978-ல் ‘சிகப்பு ரோஜாக்கள்’. வீட்டு வேலைக்கு வந்த அநாதைப் பையன் மேல் வீண்பழி விழுகிறது, அடி விழுகிறது. பெரியவனானதும் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கிறான். 1980-ல் ‘மூடுபனி’. அம்மாவை அப்பா படுத்திய பாட்டைப் பார்த்து வளர்ந்த பையன், பாலியல் தொழில் செய்யும் பெண்களைத் தேடித் தேடிக் கொல்கிறான். 2001-ல் ‘ஆளவந்தான்’, சித்தி கொடுமை. 2003-ல் ‘காதல் கொண்டேன்’, கொத்தடிமைச் சிறுவன். 2018-ல் ‘ராட்சசன்’, பள்ளிக்கூடத்துக் கேலி. 2020-ல் ‘சைக்கோ’, பள்ளிக்கூடத்து தண்டனை. நாற்பத்திரண்டு வருஷம். கேமரா மாறிவிட்டது, கத்தி மாறிவிட்டது, ஃபார்முலா மட்டும் அப்படியே இருக்கிறது.

இவற்றில் பல நல்ல படங்கள். ‘மூடுபனி’யை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன், இன்னொரு தடவை டி.வி-யில் போட்டாலும் பார்ப்பேன். பாலுமகேந்திராவின் கேமராவிலும் இளையராஜாவின் பின்னணி இசையிலும் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. புகார் வேறு. சின்ன வயதில் அடிபட்டவன், அவமானப்பட்டவன், கவனிப்பாரில்லாமல் வளர்ந்தவன் இருபது, இருபத்தைந்து வயதில் எங்கே போய்ச் சேருகிறான் என்ற கேள்விக்கு, நம் சினிமா தொடர்ந்து ஒரே பதிலைச் சொல்லி வருகிறது. அந்த பதில் தப்பு.

தப்பு என்று நான் சொன்னால் போதாது. அமெரிக்காவில் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்று ஒரு உளவியல் பேராசிரியை இருக்கிறார். 1967-லிருந்து 1971-க்குள், பதினோரு வயதுக்குள் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றமே பதிவு செய்த 908 குழந்தைகளின் பட்டியலை எடுத்தார். அதே வயது, அதே மாதிரி பின்னணி, ஆனால் அப்படிப்பட்ட வழக்கு எதுவும் இல்லாத 667 குழந்தைகளை இன்னொரு பக்கம் நிறுத்தினார். இரண்டு கோஷ்டியும் வளர்ந்த பிறகு போலீஸ் ரெக்கார்டை எடுத்துப் பார்த்தார். வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள், கொடுமைக்கு ஆளான பக்கம் நூற்றுக்குச் சுமார் 11 பேர். இன்னொரு பக்கம் சுமார் 8 பேர். 1989-ல் வெளியான ஆய்வு இது.

வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நூற்றில் 89 பேர் யாரையும் கத்தியால் குத்தவில்லை, ஐயா. அந்த 89 பேரைப் பற்றி நம்மிடம் எத்தனை படம் இருக்கிறது?

அதே விடம், அந்தக் குழந்தைகளில் 676 பேரையும் எதிர்ப்பக்கத்தில் 520 பேரையும் அவர்களுக்குச் சராசரியாக இருபத்தொன்பது வயது ஆகும்போது உட்கார வைத்துப் பேசிப் பார்த்தார். 2007-ல் முடிவு வந்தது. கொடுமைக்கு ஆளானவர்களுக்கு டிப்ரஷன் இருக்கும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் வேறொன்று. அடி வாங்கிய குழந்தைகளுக்கு மட்டுமல்ல, யாரும் அடிக்காமல், யாரும் சோறும் போடாமல், யாரும் கவனிக்காமல் கிடந்த குழந்தைகளுக்கும் அதே கதிதான்.

டிப்ரஷன் என்றதும் ‘மன அழுத்தம்’ என்று எழுதிவிடுகிறோம். நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அழுத்தம் என்றால் ப்ரஷர் குக்கர். உள்ளே ஏதோ கொதிக்கிறது, விசில் வரும், வெடிக்கும். சினிமாக்காரர்களுக்கு ரொம்ப வசதியான வார்த்தை. நிஜத்தில் டிப்ரஷன் என்பது கேஸ் தீர்ந்துபோன அடுப்பு. திருகுகிறீர்கள், ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது, பற்ற மாட்டேன் என்கிறது. ‘மனச்சோர்வு’ என்ற வார்த்தை பரவாயில்லை. அதுவும் போதவில்லை.

இப்போது ‘காதல் கொண்டே’னுக்கு வருகிறேன். 2003-ல் அந்தப் படம் வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. பி.காம் முடித்துவிட்டு, பத்திரிகையில் சேரும் கனவோடு திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இரண்டு பேர் ரூமில் நாலு பேராக இருந்தோம். அதில் ஒருவன் பாலு. (பெயர் இதுவல்ல.) தெற்குப் பக்கத்துக்காரன். ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் டிக் அடிக்கிற வேலை. காலேஜில் அக்கவுன்ட்ஸில் அவனை அடிக்க ஆளில்லை. நாங்கள் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து, “மச்சான், அந்த சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டைப் பாருடா” என்று சொல்லிவிட்டுப் போவான். சரியாக இருக்கும்.

சென்னைக்கு வந்த எட்டாவது மாதத்திலிருந்து அவன் தூங்க ஆரம்பித்தான். சனி ராத்திரி படுத்தால் திங்கள் காலை. அப்புறம் செவ்வாய் காலை. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து மேன்ஷனுக்கு போன் வரும், வாட்ச்மேன் மாடிப்படியில் நின்று கத்துவார், இவன் போர்வைக்குள்ளேயே இருப்பான். குளிக்க மாட்டான். மெஸ் டோக்கனை எங்களிடம் கொடுத்துவிடுவான். அந்த வருஷம் வங்கக் கடலில் ஏதோ புயல் சின்னம் என்று ரேடியோவில் ‘டிப்ரஷன்’ ‘டிப்ரஷன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைத் தவிர வேறு டிப்ரஷன் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வைத்த பெயர் கும்பகர்ணன்.

அவன் சட்டையைக் கழற்றினால் முதுகில் குறுக்காக மூன்று தழும்பு இருக்கும். அப்பா போட்டது என்று ஒரு தடவை சொன்னான். மார்க் குறைந்ததற்காக இல்லை, மார்க் எப்போதும் வரும். சாப்பிடும்போது சத்தம் வந்ததற்காக. நாங்கள் சிரித்தோம். ஏனென்றால் நாங்களும் அடி வாங்கியவர்கள்தான். “கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க ஸார்” என்று வாத்தியாரிடம் ஒப்படைக்கப்பட்ட தலைமுறை. இது என்ன பெரிய விஷயம்?

அண்ணா சாலையில் ஒரு தியேட்டரில் நாலு பேரும் ‘காதல் கொண்டேன்’ பார்த்தோம். அந்தப் படத்தின் முதல் பாதி இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது, செல்வராகவனைத் தூக்கிக் கொண்டாடலாம். வினோத் கடைசி பெஞ்சில் தூங்குகிறான். எழுப்பி போர்டுக்கு அனுப்பினால் கணக்கைப் போட்டுவிட்டு, வந்து மறுபடி தூங்குகிறான். யாரோடும் சேர மாட்டேன் என்கிறான், யாரும் அவனைச் சேர்க்கவும் இல்லை. சட்டை சரியில்லை. ஒரு பெண் வந்து பேசினால் எப்படி எதிர்கொள்வது என்று தெரியாமல் விழிக்கிறான். தனுஷின் உடம்பே நடித்தது. அந்தத் தோள் மடங்கி இருக்கிற விதம், தலை நிமிராத நடை. இன்றைக்கு யோசித்தால், பால்யத்தில் நொறுங்கிய ஓர் இளைஞனின் மனச்சோர்வைத் தமிழில் அவ்வளவு துல்லியமாக யாரும் எடுத்ததில்லை என்றே சொல்வேன். எடுத்தவருக்கே அது தெரிந்திருந்ததா என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் இரண்டாம் பாதியில் படம் அந்த வினோத்தை மறந்துவிட்டு இன்னொரு வினோத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. திவ்யாவை ஏமாற்றி மலைக்காட்டுக்குக் கூட்டிப்போய், பொய் சொல்லி, கொலை செய்கிறான். ஃப்ளாஷ்பேக்கில் கொத்தடிமைக் குழந்தைகள். அடி, பட்டினி, கண்ணெதிரே தோழிக்கு நேர்ந்த கொடூரம். கணக்கு டேலி. முதல் பாதியில் நாம் பார்த்த அந்தத் தூக்கம், அந்தக் கூச்சம், அந்த மௌனம் எல்லாமே கொலைகாரனுக்கான ‘பில்டப்’ ஆகிவிடுகின்றன. படத்தின் மிகப் பெரிய துரோகம் இதுதான். கடைசியில் அவனே கையை விட்டு மலையிலிருந்து விழும்போது தியேட்டர் அழுதது. நிம்மதியாகவும் மூச்சு விட்டது. ஆள் போய்விட்டானே, இனி பயமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஃப்ளாஷ்பேக்கில் பையனோடு சேர்ந்து கொடுமை அனுபவித்த சிறுமி உயிர் பிழைப்பதில்லை. நம் படங்களில் அடிபட்ட பையன் வளர்ந்து ஹீரோவாகவோ சைக்கோவாகவோ ஆகிறான். அடிபட்ட பெண் குழந்தைக்கு வளரவே அனுமதி இல்லை. ஃப்ளாஷ்பேக்கிலேயே செத்துப்போகிறாள். டிப்ரஷன் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் என்று உலகம் பூராவும் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பால்யம் எங்கே? இந்தியில் 2014-ல் இம்தியாஸ் அலி ‘ஹைவே’ என்று ஒரு படம் எடுத்தார். பணக்கார வீட்டுப் பெண், கடத்தியவனிடமே தன் சின்ன வயது ரகசியத்தைச் சொல்கிறாள். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர், வெளிநாட்டு சாக்லேட், அம்மாவிடம் சொன்னால் ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற பதில். படத்தில் எனக்கு ஆயிரம் பிரச்னை இருக்கிறது. கடத்தப்பட்டவள் கடத்தியவன் மேல் பிரியம் வைப்பதெல்லாம் டூ மச். ஆனாலும் அந்தப் பெண் சாகவில்லை, யாரையும் கொல்லவும் இல்லை. கடைசியில் வீட்டு ஹாலில், எல்லார் முன்னாலும் அந்த ஆளைப் பார்த்துக் கேட்கிறாள். அதற்காகவே மன்னித்துவிட்டேன்.

தியேட்டரிலிருந்து மேன்ஷனுக்கு நடந்தே வந்தோம். அன்றைக்கு ராத்திரியிலிருந்து பாலுவுக்குப் பெயர் மாறியது. கும்பகர்ணன் போய் வினோத். “டேய், ராத்திரி எங்களைக் குத்திராதடா” என்று ஒருவன். நான் இன்னும் ஒரு படி மேலே போய், காய் நறுக்குகிற கத்தியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். தமாஷுக்குத்தான். பாலுவும் சிரித்தான். பத்து நாள் கழித்து, விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்டான்: “மச்சான், நெஜமாவே என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு?”

நான் தூங்கிவிட்ட மாதிரி இருந்துவிட்டேன். அந்த மாதக் கடைசியில் அவன் ஊருக்குப் போனான், திரும்பி வரவில்லை. அட்வான்ஸில் அவன் பங்கு நானூறு ரூபாயைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இது வெறும் சினிமா ரசனைத் தகராறு இல்லை. அடிபட்டவன் ஆபத்தானவன் என்று திரும்பத் திரும்பக் காட்டினால், அடிபட்டவன் வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் பீரோவில் கத்தியை வைத்துப் பூட்ட என்னைப் போல ஒருவன் தயாராக இருப்பான்.

‘ஆளவந்தா’னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் கமல் ரசிகர்கள் விட மாட்டார்கள். 2023 டிசம்பரில் மறுபடி ரிலீஸ் செய்தபோது இன்னொரு தடவை பார்த்தேன். அந்தக் கதைக்குள் ஓர் அபாரமான கேள்வி இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள். ஒரே முகம், ஒரே ரத்தம். மாமாவோடு போனவன் ராணுவ மேஜர் ஆகிறான். சித்தியிடம் சிக்கியவன் மனநல மருத்துவமனையில் சங்கிலியோடு இருக்கிறான். அப்படியானால் எது தீர்மானிக்கிறது, பிறப்பா வளர்ப்பா? விஞ்ஞானிகளும் இதே ரூட்டில்தான் போகிறார்கள். 2024-ல் ஸ்வீடனில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஜோடியில் ஒருவருக்கு மட்டும் பால்யத்தில் கொடுமை நேர்ந்திருந்தால், பெரியவரானதும் அவருக்குத்தான் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுதல். ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடம் இந்த வித்தியாசம் குறைகிறது, ஆனால் மறைந்துவிடவில்லை. பரம்பரைக்கும் பங்கு உண்டு, வீட்டுக்கும் பங்கு உண்டு, அடிக்கென்று தனியாகவும் ஒரு பங்கு உண்டு. கமல் அந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு, நந்துவுக்கு இரும்பு உடம்பையும் மொட்டைத் தலையையும் கொடுத்து, மேஜருக்கு ஹெலிகாப்டரைக் கொடுத்து, கேள்வியைக் காற்றில் விட்டுவிட்டார். கஷ்டமாக இருக்கிறது.

சரி, கொலை செய்யாத பையன் ஒருவன்கூடத் தமிழ் சினிமாவில் இல்லையா? இருக்கிறான். அதே செல்வராகவன் அடுத்த வருஷமே, 2004-ல் அவனை எடுத்தார். ‘7ஜி ரெயின்போ காலனி’யின் கதிர். காலையில் கண் விழித்தால் அப்பாவின் வசவு. தெருவில், நண்பர்கள் முன்னால், அம்மா முன்னால். ‘நீ எதுக்கும் லாயக்கில்ல’ என்பதை ஒருவன் பத்து வருஷம் கேட்டால் பதினோராவது வருஷம் அவனே அதைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிடுவான். கதிர் அப்படித்தான் இருக்கிறான். பி.காம்காரன் புத்தியில் சொல்வதென்றால், இந்த வருஷத்து க்ளோஸிங் பேலன்ஸ்தான் அடுத்த வருஷத்து ஓப்பனிங் பேலன்ஸ். புது நோட்டுப் புத்தகம் போட்டாலும் முதல் வரி பழசுதான்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. உங்களுக்கே தெரியும். மகனுக்கு வேலை கிடைத்த அன்று அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ராத்திரி, மகன் தூங்கிவிட்டான் என்று நினைத்து, மனைவியிடம் அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி உடைந்து அழுகிறார். மகன் கேட்டுவிடுகிறான். விஜயன் என்ன நடிகர்! தமிழ்நாட்டில் அந்தக் காட்சிக்கு அழாத ஆண்பிள்ளை உண்டா? நான் அழுதேன். போன மாதம் டி.வி-யில் வந்தபோது, பிளஸ் டூ படிக்கிற மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். மறுபடி கண் கலங்கியது. பையன் என்னைப் பார்த்து ஒன்று கேட்டான்:

“ஏம்ப்பா, அவன் தூங்கியிருந்தா?”

அதானே! தூங்கியிருந்தால்? அன்றைக்குக் கதிர் அசதியில் குறட்டை விட்டிருந்தால், அவன் ஆயுசுக்கும் அந்த அப்பா வேறு அப்பா. பத்து வருஷ வசவு என்பது உண்மை, ராத்திரி ஒரு நிமிஷ அழுகை என்பது விபத்து. அந்த விபத்தை வைத்துக்கொண்டு படம் அப்பாவுக்கு முழுப் பொது மன்னிப்பு வழங்கிவிடுகிறது. திட்டியதெல்லாம் பாசம் என்று கணக்கை முடித்துவிடுகிறது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம் ஊரில் ஒரு சொலவடை உண்டில்லையா? எல்லாக் கையும் அணைப்பதில்லை. அணைக்காத கைகளைப் பற்றிச் சொலவடை கிடையாது.

இப்படி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் என் விமர்சனம் தடுமாறுகிற இடமும் இங்கேதான் இருக்கிறது. அதை மறைக்க விருப்பமில்லை. மறுபடியும் அதே விடம், லண்டனில் இருக்கிற ஆண்ட்ரியா டனேஸி என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து 2020-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். அதே ஆட்கள்தான், 1,196 பேர். கோர்ட் ரெக்கார்டில் கொடுமை பதிவாகியிருந்தும், பெரியவரான பிறகு ‘எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று சொன்னவர்களிடம் மனநலப் பிரச்னை பெரிதாகக் கூடவில்லை. ரெக்கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ‘எனக்கு நடந்தது’ என்று மனதில் சுமந்தவர்களிடம்தான் அது தெளிவாகக் கூடியிருந்தது.

கவனமாகப் படிக்க வேண்டிய முடிவு இது. ‘பார்த்தீர்களா, எல்லாம் மனசுதான் காரணம், மறந்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று வாட்ஸ்அப் தாத்தாக்கள் ஆரம்பித்துவிடுவார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நடந்ததை ஒருவன் எப்படி நினைவில் வைத்திருக்கிறான், அதற்குத் தன்னிடமே என்ன அர்த்தம் சொல்லிக்கொள்கிறான் என்பதற்கும் கனம் உண்டு என்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த ராத்திரிக் காட்சி வெறும் சென்டிமென்ட் இல்லையோ? ‘அப்பாவுக்கு நான் பிடிக்காத பிள்ளை’ என்ற பழைய கதைக்குப் பதிலாக வேறொரு கதை கதிருக்குக் கிடைக்கிறது. செல்வராகவன் உள்ளுணர்வில் எதையோ சரியாகத்தான் தொட்டிருக்கிறார். ஆனால் அதை அப்பா மகனிடம் நேரில் சொல்லக்கூடாதா? சுவருக்குப் பின்னாலிருந்துதான் வர வேண்டுமா? இதுதான் என் சண்டை.

சுவருக்குப் பின்னாலிருந்து எதுவுமே வராத ஒரு படம் இருக்கிறது. விக்ரமாதித்ய மோத்வானேயின் ‘உடான்’, 2010. ஜாம்ஷெட்பூர். அப்பாவை ‘ஸார்’ என்று கூப்பிட வேண்டும். பகலில் அவருடைய ஃபேக்டரி. ராத்திரி அவர் குடித்தால் என்ன ஆகும் என்று தெரியாது. ஆறு வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். அப்பா அவனை அடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போகிறார். அடிக்கிற காட்சியைக்கூட நேராகக் காட்டுவதில்லை, குழந்தையின் முதுகை மட்டும் பார்க்கிறோம். ரோனித் ராய் அந்த அப்பாவை அரக்கனாக நடிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரராக நடித்திருக்கிறார். கடைசி வரை அவர் அழுவதில்லை, பாசம் வழிவதில்லை. அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அவ்வளவுதான் படம். யாரும் யாரையும் கொல்லவில்லை. தமிழில் இதை ரீமேக் செய்ய யாருக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

‘அதெல்லாம் எங்கோ நடக்கிறது’ என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் அடி உதை வாங்கியிருந்தார்கள். பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளாகியிருந்தார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் பெரும்பாலோரை அடித்தது பெற்றவர்கள். அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. சந்தோஷப்படாதீர்கள், நம்மைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றில் இரண்டு பேருக்கும் டிப்ரஷன் வருமா என்று கேட்டால், வராது. விடமின் ஆய்விலும் பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை. ஒரு பாட்டியோ, ஒரு டீச்சரோ, ஒரு ஃப்ரெண்டோ குறுக்கே வந்திருக்கலாம். அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு டாக்டர்கள் 1998-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, கொடுமைகளின் வகைகளை எண்ணியது. அடி ஒன்று, வசவு ஒன்று, பாலியல் கொடுமை ஒன்று, அம்மா அடி வாங்குவதைப் பார்த்தல் ஒன்று, குடிகாரர் உள்ள வீடு ஒன்று, இப்படி. ஒன்றுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நாலோ அதற்கு மேலோ சேர்ந்தவர்களுக்குக் குடி, போதை, டிப்ரஷன், தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் நாலிலிருந்து பன்னிரண்டு மடங்கு. தனித்தனியாக வருவதில்லை இவை, கோஷ்டியாகத்தான் வருகின்றன. குடிக்கிற அப்பாதான் திட்டுகிற அப்பா, அவரேதான் அம்மாவை அடிக்கிற அப்பா.

2012-ல் வந்த இன்னொரு ஆய்வுத் தொகுப்பு, பால்யத்தில் கொடுமை அனுபவித்தவர்களுக்கு டிப்ரஷன் வந்தால், அது திரும்பத் திரும்ப வரும், நீடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது. சிகிச்சைக்கு அவ்வளவு சுலபத்தில் மசிவதும் இல்லையாம். அப்படியானால் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் டாக்டர் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

பாலுவைப் பார்த்துப் பதினாறு வருஷம் கழித்து, 2019-ல் காலேஜ் நண்பர் ஒருவர் மூலம் நம்பர் கிடைத்துப் பேசினேன். ஊரிலேயே சின்னதாக ஜி.எஸ்.டி கன்சல்டன்ஸி வைத்திருக்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. இரண்டு டாக்டர்கள், மூன்று தடவை மாத்திரை, நின்று நின்று திரும்பவும் படுக்கை. மூன்றாவதாகப் போன ஒரு லேடி டாக்டர்தான், “சின்ன வயசுல வீட்ல எப்படிங்க?” என்று கேட்டாராம். “அதுவரைக்கும் அதை யாரும் கேக்கல மச்சான். நீங்களும் கேக்கல” என்றான். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அந்த ‘நீங்களும்’ எனக்குப் போதுமானதாக இருந்தது. கத்தி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லை. அல்லது இல்லை என்று சொன்னான்.

இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் மறுபடி கூப்பிட்டு, ‘எழுதலாமா?’ என்று கேட்டேன். பேரைப் போடாதே, தழும்பைப் போட்டுக்கொள் என்றான். அப்பா இப்போது அவனோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது, காது மந்தம், சர்க்கரை. இவன்தான் இன்சுலின் போட்டு விடுகிறான். ‘7ஜி’ காட்சியைப் பற்றிக் கேட்டேன். உங்க அப்பா எப்போதாவது, யாரிடமாவது, உன்னைப் பற்றி...

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தான்.

“பக்கத்து ரூம்லதான் படுத்திருக்காரு. நானும் எத்தனையோ ராத்திரி முழிச்சுக்கிட்டுக் கெடந்து கேட்டுப் பார்த்துட்டேன் மச்சான். குறட்டைதான் வருது.”